கேம்ல பாடுற பாணரோட பாட்டு உண்மையில எப்படிக் கேட்கும்?

ஃபேன்டஸி கேம் ஆடுறவங்களுக்கு 'பார்ட்' என்ற கேரக்டரைத் தெரிந்திருக்கும். நம்ம பாணர் மாதிரிதான். கையில் ஒரு வாத்தியம், வாயில் பாட்டு. கத்தி வீசுகிறவர் பக்கத்தில் நின்று இவர் பாடினால் அவருக்குப் பலம் கூடும், எதிரிக்குத் தூக்கம் வரும். சரி, அந்தப் பாட்டு காதில் எப்படிக் கேட்கும்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கேமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. சில பதில்கள் ரொம்பவே ஏமாற்றம்.

1999 மார்ச்சில் வெளியான 'எவர்க்வெஸ்ட்'டை எடுத்துக்கொள்வோம். டயல்-அப் மோடம் காலம். ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடுவதே பெரிய விஷயம். அதில் பார்ட் பாடும் ஒரு பாட்டின் பெயர் 'செலோஸ் அக்செலராண்டோ'. கூட இருக்கிறவர்களின் ஓட்ட வேகத்தைக் கூட்டும் பாட்டு. 'அக்செலராண்டோ' என்றால் இசையில் 'போகப் போக வேகமெடு' என்று அர்த்தம். கையில் மேளம் இருந்தால் பலன் இன்னும் அதிகம். பெயரைப் படித்ததுமே மனசுக்குள் ஒரு தாளம் ஓட ஆரம்பிக்கும், இல்லையா? நடையில் தொடங்கி, ஓட்டமாகி, கடைசியில் மூச்சு வாங்குகிற தாளம்.

ஸ்பீக்கரில் வந்தது என்னமோ சின்ன சவுண்ட் எஃபெக்ட்தான். குரல் இல்லை, வரிகள் இல்லை. 'கெலின்ஸ் லூசிட் லல்லபை' என்று ஒரு தாலாட்டு உண்டு. அதைக் கேட்கும் அரக்கன் மயங்கி அப்படியே நிற்பான், யாராவது அடித்தால்தான் விழிப்பான். அந்தத் தாலாட்டுக்கும் இதே கதைதான். சர்வரைப் பொறுத்தவரை பாட்டு என்பது ஒரு எண். வேகம் இவ்வளவு கூடட்டும், இத்தனை நொடிக்கு. மிச்சத்தை ஆடுகிறவர் தன் மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அங்கே இசையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பாட்டைத் தொடங்க சுமார் 3 நொடி ஆகும். நிறுத்திய பிறகும் அதன் பலன் கொஞ்ச நேரம் நீடிக்கும். இதைக் கவனித்த ப்ளேயர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். முதல் பாட்டைத் தொடங்கு, நிறுத்து, இரண்டாவதைத் தொடங்கு, நிறுத்து, மூன்றாவது, மறுபடி முதல் பாட்டு. சரியான நேரத்தில் மாற்றினால் மூன்று நான்கு பாட்டுகளின் பலன் ஒரே சமயத்தில் கிடைக்கும். இதற்குப் பெயர் 'ட்விஸ்டிங்'. மணிக்கணக்கில், சில நொடிக்கு ஒரு தடவை விரல் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருக்கும். கை வலிதான் மிச்சம். பிறகு 'மெலடி' என்ற கட்டளை வந்தது, பாட்டுகளை கேமே சுழற்றிப் பாட ஆரம்பித்தது. மணிக்கட்டுக்கு நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், எவர்க்வெஸ்ட் பாணரின் அசல் தாளம் ஸ்பீக்கரில் இல்லை, அந்த விரல்களில்தான் இருந்தது.

அனுப்புவது ஒலி இல்லை, ஸ்வரம்

2007-ல் வந்த 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்' வேறு வழியில் போனது. இங்கே பாணரின் பெயர் மின்ஸ்ட்ரல். இந்த கேமில் உயிர் என்பதற்குப் பதிலாக 'மோரல்', அதாவது மனத்தெம்பு. அது தீர்ந்தால் சாவதில்லை, தோற்றுப் பின்வாங்குவீர்கள். அதனால் பாட்டு பாடித் தெம்பூட்டுவது இங்கே லாஜிக்காகவும் பொருந்துகிறது.

அதைவிட சுவாரஸ்யம், நிஜமாகவே வாசிக்கலாம் என்பது. லூட், ஹார்ப், புல்லாங்குழல், பேக்பைப் என ஒன்றைக் கையில் எடுத்தால் கம்ப்யூட்டர் கீபோர்டே வாத்தியமாகிவிடும். அல்லது ஏபிசி என்ற குறிமுறையில் ஸ்வரங்களை எழுத்துகளாக டைப் செய்து வைத்து, 'ப்ளே' கட்டளை கொடுக்கலாம். ச, ரி, க, ம என்று நாம் நோட்டில் எழுதுவோமே, கிட்டத்தட்ட அதே ஐடியா.

நெட் வழியாகப் போவது ஒலி இல்லை, இந்த நேரத்தில் இந்த ஸ்வரம் என்ற தகவல் மட்டும்தான். ஒலி எழுவது கேட்பவரின் கம்ப்யூட்டரில், கேமுக்குள் ஏற்கெனவே இருக்கும் வாத்திய ஒலிகளில் இருந்து. ஆகவே சேர்ந்து வாசிப்பது தலைவலி. நான்கு பேர் நான்கு நாட்டில் இருந்து லைவாகத் தட்டினால், நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். அதற்குத்தான் எல்லோரும் பாட்டை முதலில் லோட் செய்து காத்திருக்க, ஒருவர் கட்டளை கொடுத்ததும் ஒன்றாகத் தொடங்கும் வசதி.

ஒரு குறையும் உண்டு. ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு, உப்பில்லாத சாம்பார் மாதிரிதான் இருக்கும்!

ஆனாலும் 2009-ல் லாண்ட்ரோவல் சர்வரில் ப்ளேயர்கள் தாங்களே 'வெதர்ஸ்டாக்' என்ற இசை விழாவைத் தொடங்கி, ஆண்டுதோறும் நடத்தினார்கள். இடம் வெதர்டாப் குன்று, டோல்கீன் கதையில் ஃப்ரோடோ கத்திக்குத்து வாங்கும் அதே இடம். கம்பெனி போட்ட பின்னணி இசை கிடையாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து யாரோ டைப் செய்த பாட்டுகள். பக்கத்தில் இருந்தால் கேட்கும், விலகிப் போனால் தேயும். அந்த நேரத்தில் அங்கே இல்லாதவருக்குக் கிடைக்காது.

ப்ளேயர்கள் வாசிக்கும் இசைக்கு என்றே செட்டிங்ஸில் தனி வால்யூம் ஸ்லைடர் இருக்கிறது. ஊர்ச் சந்தையில் எவராவது கன்னாபின்னா என்று பேக்பைப் ஊதும்போது ரொம்ப உதவும். அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு மறந்தவர்களுக்கு, குன்றின் மேல் நாலு பேர் சத்தமே இல்லாமல் கையை அசைத்துக்கொண்டு நிற்பதுதான் தெரியும்.