நாடி மெதுவாக ஓடினால் குளிசையை நிறுத்தலாமா?

"குளிசை குடிச்சா தலை சுத்துது, நாடியும் மெதுவா ஓடுது. அதான் விட்டுட்டேன்." இருதய வருத்தம் உள்ளவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. மடுல்சீமை, லுணுகலை, பசறைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பதுளை கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே என்று போகாமல் இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை.

நமது இருதயத்தின் வலது மேல் அறையில், சிறிதளவு மின்சாரத்தை உண்டாக்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த மின்சாரம் பாயும்போதெல்லாம் இருதயம் ஒரு தடவை துடிக்கும். வளர்ந்த ஒருவருக்கு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம். 60க்குக் குறைந்தால் அது மெதுவான துடிப்பு. நித்திரையிலும், நன்றாக உடலுழைப்பவர்களுக்கும் சற்றுக் குறைவது வருத்தமல்ல. ஆனால் மலை ஏறும்போது தலைசுற்று, கண் இருட்டு, வழக்கத்துக்கு மாறான களைப்பு இருந்தால் கவனிக்கத்தான் வேண்டும்.

முதுமை, முன்பு வந்த மாரடைப்பு, தைரொயிட் குறைபாடு ஆகியவற்றால் துடிப்பு குறையலாம். அட்டெனோலோல், பைசோப்ரோலோல், கார்வெடிலோல் போன்ற குளிசைகளாலும் குறையும். துடிப்பைக் குறைத்து இருதயத்தின் பாரத்தை இறக்கவே இவற்றைத் தருகிறார்கள். இவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரலாம். டிகொக்சின் குளிசை குடிப்பவர்கள், ஒரு நாள் மறந்துவிட்டோம் என்று மறுநாள் இரண்டாகக் குடிக்கக் கூடாது. அளவு கூடினால் அது நஞ்சாகிவிடும். வாந்தி, பசியின்மை, பார்வையில் மஞ்சள் நிறம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

நாடி பார்ப்பது எப்படி?

1. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுங்கள்.

2. பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் மறுகையின் இரண்டு விரல்களை வையுங்கள். பெருவிரலால் பார்க்க வேண்டாம்.

3. மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் எண்ணித் தரலாம்.

4. திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதுங்கள்.

50க்குக் குறைவாக இருந்தால், அடுத்த குளிசையைக் குடிக்க முன்பே தோட்ட வைத்திய உதவியாளரிடமோ ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்துக்கு வாகனம் வராவிட்டால் ஆளை நடக்க வைக்காமல் தூக்கியே வீதிக்குக் கொண்டுவாருங்கள்.

சிலருக்கு, குளிசையை மாற்றியும் துடிப்பு கூடாது. அவர்களுக்குத் தோள் எலும்பின் கீழே, தோலுக்கடியில் "பேஸ்மேக்கர்" என்ற சிறு கருவியை வைப்பார்கள். இதற்குப் பயப்படத் தேவையில்லை. 1958இல் சுவீடன் நாட்டில், ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலில் இதை உடம்புக்குள் வைத்தார்கள். முதற் கருவி சில மணி நேரமே வேலை செய்தது. ஆனாலும் கருவியை மாற்றி மாற்றி வைத்து, அவர் 2001 வரை, 86 வயது மட்டும் வாழ்ந்தார்.

கிளினிக் திகதியைக் கலண்டரில் குறித்து வைத்து, கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிக்கும் எல்லாக் குளிசைகளையும் கையோடு கொண்டுபோங்கள். நாடியை எண்ணி எழுதுவது நம்ம வேலை. குளிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் வேலை.