3 மாசத்துல ஆர்ம்ஸ் ஏறுமா? டேப் வெச்சு அளந்தா எவ்வளவு கூடும்?

தருமபுரி, அரூர், பாலக்கோடுன்னு எந்த ஊர் ஜிம்மா இருந்தாலும் புதுசா சேருபவர்களின் முதல் கேள்வி இதுதான்: "ஆர்ம்ஸ் எப்போ ஏறும்?" பதில் பலருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் 2005-ல் வெளியான ஆய்வு ஒன்றில், 585 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி செய்தார்கள். பைசெப்ஸ் தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக சுமார் 19% கூடியது. ஆனா ஒருத்தருக்கு 59% வளர்ந்தது, இன்னொருத்தருக்கு 2% குறைஞ்சே போனது. பயிற்சி ஒண்ணுதான், உடம்பு வேற வேற.

19% கூடினா டேப்ல தெரியுமா?

அங்கதான் சிக்கல். கையில் எலும்பு, கொழுப்பு, தோல் எல்லாம் இருக்கு, அதெல்லாம் வளராது. அதனால 12 இன்ச் கை, 3 மாதத்தில் முக்கால் இன்ச் ஏறினாலே நல்ல வளர்ச்சி. முதல் சில வாரத்தில் கூடுதல் எடை தூக்க முடிவதற்கு முக்கியக் காரணம், நரம்புகள் தசையை நல்லா வேலை வாங்கப் பழகுவதுதான். பயிற்சி முடிஞ்ச உடனே கை புடைச்சுத் தெரியுறதும் ரத்த ஓட்டத்தால். சில மணி நேரத்தில் வத்திடும். அளக்கிறதா இருந்தா காலையில், பயிற்சிக்கு முன்னாடி அளக்கணும்.

இன்னொண்ணு, மேல்கைத் தசையில் பாதிக்கும் மேல் பின்பக்க ட்ரைசெப்ஸ். கண்ணாடி முன்னாடி நின்னு பைசெப்ஸ் மட்டுமே அடிச்சா கை எப்படி பெருசாகும்?

களி மட்டும் போதுமா?

தசை வளரணும்னா உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் சுமார் 1.6 கிராம் புரதம் தேவை. 60 கிலோ இருப்பவருக்கு 96 கிராம். நம்மூர் ராகியில் கால்சியம் அதிகம்தான். புரதம் 100 கிராம் மாவுக்கு 7 கிராம் அளவுதான். அதே 100 கிராம் கொள்ளில் 22 கிராம், வேர்க்கடலையில் 25 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். களிக்கு கொள்ளுக் குழம்பும், கூட முட்டையும் சேர்ந்தா பாதிக் கணக்கு முடிஞ்சிடும். டப்பா பவுடர் கட்டாயமில்லை.

போலீஸ் செலக்‌ஷனுக்கு?

தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சு இழுத்தால் 86 செ.மீ. இருக்கணும். கையின் சுற்றளவை யாரும் அளப்பதில்லை. கயிறு ஏறுவதற்கு வேண்டியது பிடியும் முதுகு பலமும்; உடம்பு எடை தேவையில்லாம ஏறினா அதுவே பாரம்.

ஊசி போட்டா சீக்கிரம் வருமே?

வரும். 2015-ல் வந்த 'ஐ' படத்து விக்ரம் மாதிரி உடம்பு கேட்டு வருபவர்களிடம் "ஒரு கோர்ஸ் போடு"ன்னு சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டுகளை வெளியிலிருந்து ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைச்சிடும். விதைப்பை சுருங்கலாம், விந்தணு குறையலாம், மார்பு பெண்களுக்குப் போல வளரலாம், இதயம் பாதிக்கப்படலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் இவை. ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, ஹார்மோன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.