பூக்குழியில் எத்தனை ஜூல்? சக்தியும் ஆற்றலும்

ராஜபாளையத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, அம்மன் சக்தின்னு சொல்றோம், சூரிய சக்தின்னும் சொல்றோம். ரெண்டும் ஒண்ணா? எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஐன்ஸ்டைனே சக்தியை நிரூபிச்சிட்டாருன்னு ஒரு ஃபார்வர்டு ஓடுது." நல்ல கேள்வி. இன்னைக்கு எபிசோடு முழுக்க இதுதான்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கறேன். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனிப் பூக்குழித் திருவிழாவுக்கு எங்க அத்தையோட போயிருந்தேன். அத்தை காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் சேலையில பூ இறங்கினாங்க. வெளியில வந்ததும் நான் பெரிய மேதாவி மாதிரி, "அத்தை, இதுல சக்தியெல்லாம் ஒண்ணுமில்ல. கரிக்கு வெப்பக் கடத்துத்திறன் கம்மி, அவ்வளவுதான்"னேன். அத்தை கோபப்படல. "அப்படியா? சரி, அப்ப நீ இறங்கு"ன்னாங்க. நான் இறங்கல. ஃபார்முலா தெரிஞ்ச எனக்குக் கால் நகரல. ஃபார்முலா தெரியாத அத்தை நடந்துட்டாங்க. அந்தக் கேள்வி இன்னும் என்கிட்ட பாக்கி இருக்கு.

வார்த்தையில இருந்து ஆரம்பிப்போம்

நம்ம தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்துல எனர்ஜிக்கு 'ஆற்றல்', பவருக்குத் 'திறன்'. இலங்கையில தமிழ் மீடியத்துல படிச்சவங்களைக் கேட்டுப் பாருங்க, அவங்க எனர்ஜிக்குச் 'சக்தி', பவருக்கு 'வலு'ன்னு எழுதித்தான் பரீட்சை பாஸ் பண்ணியிருப்பாங்க. அதாவது, யாழ்ப்பாணத்துல ஒரு பையன் பிசிக்ஸ் வகுப்பில் சக்தியை ஜூல்ல அளந்துட்டு, சாயங்காலம் அம்மன் கோயில்ல அதே வார்த்தையைச் சொல்லிக் கும்பிடுவான்.

சக்திங்கிற சொல்லோட வடமொழி வேருக்கு 'இயலுதல், முடிதல்'னு பொருள். ஆற்றலுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வரையறை சொல்லிக் கொடுத்தாங்க? 'வேலை செய்யும் திறமை'. ரெண்டும் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி இருக்கு. சாக்த மரபுல, சிவனே ஆனாலும் சக்தி இல்லாம அசைய முடியாதுன்னு சொல்வாங்க. சௌந்தர்ய லஹரியோட முதல் பாட்டின் கருத்தே இதுதான். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க ஒரே குடும்பம் ஆகிட மாட்டாங்க. ஏன்னு தேரைப் பார்த்தா புரியும்.

ஒரு கரண்டி பால்கோவா

ராஜபாளையத்துல இருந்து பஸ் ஏறினா அரை மணி நேரத்துக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரத்தன்னைக்கு ஆண்டாள் தேர். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கிறாங்க. ஒரு கணக்குப் போடுவோம். பேச்சுக்குத் தேரோட எடை 100 டன்னு வச்சுக்கோங்க, வேகம் விநாடிக்கு 1 மீட்டர். இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையில பாதியை வேகத்தின் வர்க்கத்தால பெருக்கணும். 50,000 ஜூல் வருது. கேட்கப் பெருசா இருக்கு. ஆனா சாப்பாட்டுக் கணக்குல மாத்தினா வெறும் 12 கலோரி. நம்ம தசை, சாப்பாட்டு ஆற்றல்ல கிட்டத்தட்ட கால்வாசியைத்தான் வேலையா மாத்தும், மீதி உடம்புச் சூடாப் போயிடும். அப்படிப் பார்த்தாலும் சுமார் 50 கலோரி. ஊர்ப் பெயர் சொல்ற பால்கோவால ஒரு கரண்டி!

"அப்ப ஒரு கரண்டி பால்கோவா சாப்பிட்ட ஒரே ஆள் தேரை இழுத்துடலாமே?" முடியாது. ஆற்றல் வேற, விசை வேற. நிக்கிற தேரைக் கிளப்ப நிலை உராய்வைத் தாண்டணும். ஓட ஆரம்பிச்ச பிறகும் அச்சு, சக்கரம், தரை எல்லாம் நம்ம உழைப்பைத் தின்னு வெப்பமா மாத்திக்கிட்டே இருக்கும். வேகம் கூடினாலோ திருப்பத்துலயோ சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போடுவாங்க. 'முட்டுக்கட்டை போடாதே'ன்னு ஆபீஸ்ல திட்டறோமே, அது தேரடியில இருந்து வந்த சொல்தான். கட்டையில சக்கரம் ஏறி உரசும்போது இயக்க ஆற்றல் அங்கேயே சூடாகுது.

இப்ப முக்கியமான இடம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா தேர் அசையாது. "கோவிந்தா! கோபாலா!"ன்னு ஒரே குரல் எழும்போது, எல்லா இழுப்பும் ஒரே நொடியில, ஒரே திசையில விழுது. தேர் நகருது. அந்தக் கோஷம் எத்தனை ஜூல் கொடுத்துச்சு? சொல்லும்படியா எதுவும் இல்ல. இருந்த ஜூலையெல்லாம் ஒண்ணு சேர்த்துச்சு. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இப்ப பூக்குழி

விறகு எரியறது என்ன? மரம் வருஷக்கணக்கா இலையில சேர்த்த சூரிய ஒளி, வேதி ஆற்றலா இருந்தது, இப்ப வெப்பமாவும் ஒளியாவும் வெளிய வருது. குழி ஓரத்துல நின்னாலே முகம் காந்துதே, அது கதிர்வீச்சு. தணலோட மேல்பரப்பு 500 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கலாம். அப்புறம் கால் எப்படித் தப்பிக்குது?

தோசைக்கல்லும் அதோட மரக்கைப்பிடியும் ஒரே அடுப்புலதான் இருக்கு. கைப்பிடியைப் பிடிக்கிறோம், கல்லைத் தொட மாட்டோம். எவ்வளவு சூடா இருக்குங்கிறதோட, அந்தச் சூட்டை எவ்வளவு சீக்கிரம் நமக்குத் தள்ளி விடுதுங்கிறதும் முக்கியம். ரெண்டு பொருள் தொடும்போது நடுவுல வர்ற வெப்பநிலைக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. 35 டிகிரியில இருக்கிற தோல், 500 டிகிரி இரும்பைத் தொட்டா, தொடும் இடம் 450-ஐத் தாண்டும். அதே 500 டிகிரி கரியைத் தொட்டா, சுமார் 90-தான். கரி லேசானது, காத்து நிறைஞ்சது, கையிருப்புல வெப்பம் கம்மி. மேல சாம்பல் வேற போர்வை மாதிரி. ஒரு அடி வைக்கிற நேரம் அரை நொடி. அவ்வளவுதான் ரகசியம்.

இதை வெளிநாட்டுலயும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 1935-ல இங்கிலாந்துல, காஷ்மீர்ல பிறந்த குதா பக்ஸ் தணல் மேல நடந்தார். ஹாரி பிரைஸ் குழுவினர் கூடவே நின்னு காலைச் சோதிச்சாங்க. காயம் இல்ல. கரியோட குணமும் தொடுற நேரத்தோட குறுக்கமும்தான் காரணம்னு அப்போ இருந்தே விளக்கம் வர ஆரம்பிச்சிடுச்சு.

ஆனா கவனிங்க. 90 டிகிரியும் சும்மா இல்ல. கொஞ்சம் நின்னா கொப்புளம் நிச்சயம். விரலிடுக்குல ஒரு கங்கு ஒட்டினா, பின்னால இருந்து யாராவது தள்ளினா, ஓடி கால் ஆழமாப் புதைஞ்சா, கணக்கு மாறிடும்.

ஏன் இது முக்கியம்?

எங்க தெருவுல ஒரு அக்கா. ஒரு வருஷம் பூ இறங்கி, பாதம் வெந்துபோச்சு. நாலு நாள் யார்கிட்டயும் சொல்லல. ஏன்? "விரதத்துல ஏதோ குறை, அதான் அம்மா சுட்டுட்டா"ன்னு பேசுவாங்கன்னு பயம். அப்படித்தான் பேசவும் செஞ்சாங்க. வலி ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம்.

அந்த அக்காவுக்காகத்தான் எனக்கு இந்த பிசிக்ஸ் வேணும். யார் பக்தையில்லைன்னு தணல் பார்த்துச் சுடாது. அதுக்குத் தெரிஞ்சது வெப்பநிலை, நேரம், தொடுற பரப்பு மட்டும்தான். கொப்புளம் வந்தவங்க மேல பாவம் சுமத்த இதுல இடமே இல்ல. அதனால உங்க வீட்ல யாராவது இறங்கறாங்கன்னா, நாலு விஷயம் சொல்லுங்க. சர்க்கரை வியாதியால பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்க இறங்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது. குழந்தையைத் தூக்கிட்டு இறங்க வேண்டாம், விழுந்தா அரை நொடிக் கணக்கு செல்லாது. முன்னால போறவங்களுக்கு இடைவெளி விடணும். சுட்டா மறைக்காம 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அப்போ சக்தி எங்க?

2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஸ்பெயின்ல சான் பெட்ரோ மன்ரிக்கே கிராமத்துல வருஷா வருஷம் தணல் மேல நடப்பாங்க. நடந்தவங்களுக்கும் வேடிக்கை பார்த்தவங்களுக்கும் இதயத் துடிப்பை அளந்தாங்க. நடந்தவரோட துடிப்பு ஏறி இறங்கின விதமும், ஓரத்துல சும்மா நின்ன அவரோட சொந்தக்காரங்க துடிப்பும் ஒத்துப்போச்சு. வெளியூர்ல இருந்து பார்க்க வந்தவங்களுக்கு அப்படி இல்ல.

அவங்களுக்கு நடுவுல எந்த ஆற்றலும் கடந்து போகல. தேர்க் கோஷம் மாதிரியே, ஜூல் எதுவும் சேராம பல பேர் ஒரே தாளத்துக்கு வந்தாங்க. ஆற்றல் அழியாது, உருவாகாது, ஒருத்தர் கொடுத்தா அவர்கிட்ட குறையும். அத்தை சொல்ற சக்தி அப்படி இல்ல. தெருவே சேர்ந்து குலவை போட்டா யாருக்கும் குறையறதில்ல. மீட்டர் வச்சு அளக்கற பொருள் இல்ல அது. அதனால ஐன்ஸ்டைன் சமன்பாட்டை அம்மன் படத்துக்குக் கீழ ஒட்டறதால ரெண்டு பேருக்கும் மரியாதை இல்ல.

போன பங்குனியில அத்தைகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "கால் ஏன் சுடலைன்னு சொல்லிட்டே. சரி. கால் ஏன் முன்னால வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்வே?"ன்னாங்க.

என்கிட்ட ஃபார்முலா இல்லத்தை. ஆனா இந்தத் தடவை 'ஒண்ணுமில்ல'ன்னும் சொல்லல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். அந்த ஃபார்வர்டைத் தயவுசெஞ்சு நிறுத்திடுங்க.