எதெல்றெட் மன்னனும் ஏளனப் பெயரும்

இங்கிலாந்தின் மன்னர் வரிசையில் எதெல்றெட்டைப் போல ஒரு பட்டப்பெயரினாற் கெட்டவர் மிகச் சிலரே. 'அன்றெடி' என்பது அவனுக்கு வழங்கும் அடைமொழி. ஆயத்தமில்லாதவன் என்றே மாணவர் இதற்குப் பொருள் கூறுவர். அது பொருந்தாது. பழைய ஆங்கிலத்தில் 'எதெல்' என்பது மேன்மையையும் 'றெட்' என்பது ஆலோசனையையும் குறிக்கும். 'அன்றெட்' என்றால் ஆலோசனையின்மை. தீய ஆலோசனை என்றுங் கொள்ளலாம். நல்லாலோசனை என்று பெயர் பூண்டவன் தீயாலோசனையின் வழிச் சென்றானே என்னுஞ் சிலேடை அது. அச்சிலேடையும் அவன் இறந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னரே ஏட்டில் ஏறியது.

978ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மாற்றாந்தாய் வயிற்றுத் தமையன் எட்வேர்ட், கோர்ப் என்னுமிடத்திற் கொலையுண்டான். அதனால் அரியணை எதெல்றெட்டுக்குக் கிடைத்தது. பழி அவனுடைய தாயின்மேல் விழுந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவனை நாம் குறைகூற இயலாது. ஆயினும் இரத்தக் கறை படிந்த முடியையே அவன் சூடினான்.

991இல் மோல்டன் போரில் டேனியர் வென்றனர். அவ்வாண்டே 10,000 இறாத்தல் பணங் கொடுத்துச் சமாதானம் வாங்கப்பட்டது. 994இல் 16,000; 1002இல் 24,000; 1007இல் 36,000; 1012இல் 48,000. கொடுக்குந்தோறும் பசி வளர்ந்தது. இவ்வளவு பணத்தையுந் திரட்ட வல்ல அரசாங்கம் சீர்குலைந்த அரசாங்கமாக இருந்திருக்குமா என்பதை நாம் சிந்திக்க வேண்டும். அக்காலத்து வெள்ளி நாணயங்களில், அச்சிட்டவன் பெயரும் ஊர்ப்பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. சில ஆண்டுகளுக்கொருமுறை பழைய நாணயம் மீட்கப்பட்டுப் புதியது வெளியிடப்பட்டது. அந்நாணயங்கள் இங்கிலாந்திலும் பார்க்கச் சுவீடன் முதலிய வடநாடுகளிலேயே மிகுதியாகக் கிடைத்துள்ளன என்றால், பணம் எங்கே போயிற்று என்பதைக் கூறவும் வேண்டுமோ?

1002ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் தேதி அவன் பிறப்பித்த கட்டளைக்கு மட்டும் நாம் சமாதானங் கூற மாட்டோம். இங்கிலாந்தில் வாழ்ந்த டேனியர் அனைவரையுங் கொல்லும்படி ஏவினான். ஒக்ஸ்போர்ட் நகரில் உயிர்தப்ப ஓடியவர்கள் தேவாலயத்துட் புகுந்தனர். துரத்தி வந்தோர் அதற்குத் தீ வைத்தனர். இரண்டாண்டுகளின் பின் அத்தேவாலயத்துக்கு அவன் அளித்த பட்டயமே இதனைக் கூறுகின்றது. அதிலே டேனியரைக் கோதுமையிடையே முளைத்த களையென்கிறான். வருத்தத்தின் சாயல்கூட இல்லை. 2008இல் அந்நகரில் முப்பதுக்கு மேற்பட்ட ஆடவரின் எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை அன்று மாண்டோருடையவையாகலாம் என ஆய்வாளர் பலர் எண்ணினர்.

கொலையாற் பயன் விளையவில்லை. 1013இல் டேனிய மன்னன் சுவெய்ன் நாட்டைக் கைப்பற்ற, எதெல்றெட் நோர்மண்டிக்கு ஓடினான். 1014 பெப்ரவரியிற் சுவெய்ன் திடீரென இறந்தான். அப்பொழுது ஆங்கிலப் பிரபுக்கள் அனுப்பிய தூதையே இவ்வரலாற்றின் மணியென நாம் மதிக்கின்றோம். தமக்குரிய மன்னனிலும் அருமையானவர் வேறெவருமில்லை என்றனர். முன்னிலும் நீதியாக ஆள்வதாயின் வருக என்றனர். அரசனோ மகன் எட்வேர்டை முன்னே அனுப்பி, அவர்கள் வெறுத்தவற்றையெல்லாந் திருத்துவதாகவும், தனக்கெதிராகச் செய்தவற்றை மன்னிப்பதாகவும் வாக்களித்தான். அவர்களும் வஞ்சமின்றித் தன்பால் வரவேண்டுமென்றான். ஆங்கில மன்னனொருவன் குடிகளோடு நிபந்தனை பேசி முடிபெற்றதாக ஏட்டிற் காணும் முதற் செய்தி இதுவென்பர். மக்னா காட்டாவுக்கு இன்னும் இருநூற்றோராண்டு இருந்தது. தோற்றோடிய மன்னனிடமே இத்தகைய வாக்கைப் பெறல் கூடும். வென்றவனிடம் யார் கேட்பார்?

அவ்வாக்கை நிறைவேற்ற அவனுக்கு நெடுங்காலங் கிடைக்கவில்லை. 1016 ஏப்ரல் 23இல் இலண்டனில் இறந்தான். புனித பவுல் ஆலயத்தில் இருந்த அவன் கல்லறை 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. அவன் விதவை எம்மா, சுவெய்னின் மகன் கனூட்டையே மணந்தாள். தூது சென்ற எட்வேர்ட் நெடுங்காலம் நோர்மண்டியில் வாழ்ந்து 1042இல் அரசனானான். அவனுக்கு மகவில்லை. எம்மாவின் தமையனுடைய பேரனாகிய வில்லியம், அவ்வுறவையுங் காட்டி 1066இற் கடல் கடந்து வந்தான்.