பெரிய எழுத்தும் ஒரு கூட்டல் குறியும்

மயிலாப்பூரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மரபியல் நடத்திக்கொண்டிருந்தேன். "பெரிய எழுத்து என்றால் இயல்பான அல்லீல், சின்ன எழுத்து என்றால் குறையுள்ளது. சரிதானே மிஸ்?" என்றாள் ஒரு மாணவி. பாதி வகுப்பு தலையாட்டியது. பட்டாணிச் செடியோடு பாடத்தை நிறுத்திக்கொண்டால் இந்த எண்ணம்தான் மிஞ்சும்.

ஓங்கு பண்பா, ஒடுங்கு பண்பா என்பது ஒரு கேள்வி. இயற்கையில் பரவலாக இருப்பது எது என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்துக்காட்டப் பழ ஈயே போதும்.

தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிய கனிந்த வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டுத் திறந்துவைத்தேன். ஈக்கள் மொய்த்ததும் மாணவர்கள் கைலென்ஸில் பார்த்தார்கள். எல்லாம் சிவப்புக் கண். அதுவே இயல்பு வகை. 1910இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் வெள்ளைக் கண் ஆண் ஈ ஒன்றைக் கண்டார். அந்தச் சடுதிமாற்றத்தை வைத்தே மரபணுவுக்கு 'ஒயிட்' என்று பெயர். மாற்றம் ஒடுங்கு பண்பு என்பதால் குறியீடு சிறிய டபிள்யூ. சிவப்புக் கண் அல்லீலுக்கும் அதே சிறிய டபிள்யூதான். மேலே ஒரு + சேரும். ஓங்கு பண்பாக இருந்தும் அதற்குப் பெரிய எழுத்து இல்லை!

சிறகு சுருளும் 'கர்லி' இதற்கு நேர்மாறு. அங்கே சடுதிமாற்றமே ஓங்கு பண்பு. ஆகவே பெரிய சி, சிறிய ஒய். இயல்பான அல்லீலுக்கு அதே எழுத்துகளின் மேல் +. கர்லி அல்லீல் இரண்டு சேர்ந்தால் ஈ பிழைக்காது. ஓங்கு பண்பெல்லாம் பரவலானதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மனிதரிடம் வரும்போது இந்தத் தெளிவு இன்னும் தேவை. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கதிர் அரிவாள் செல் பண்பு இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷும் தெரிவித்தனர். இயல்பான ஹீமோகுளோபின் அல்லீலுக்கு 'ஏ', மாறியதற்கு 'எஸ்'. இரண்டுமே பெரிய எழுத்து மேற்குறிகள். இரண்டு அல்லீலும் உள்ளவரின் இரத்தத்தில் இருவகை ஹீமோகுளோபினும் உருவாவதால் ஒன்றைப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்க இயலாது. என் மாணவர்கள் பலர் 'ஏ-எஸ்' ஜீனாக்கத்துக்கு எதிரே "நோயாளி" என்று எழுதியிருந்தார்கள். அவர் கடத்தி, பொதுவாக நோயாளி அல்லர். பெற்றோர் இருவருமே கடத்திகளானால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய்வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாளில் மதிப்பெண் குறைவதோடு போகிற பிழையல்ல இது. நாளை ஒரு குடும்பத்தைப் பார்த்துத் தவறாகப் பேசவைக்கும்.

இப்போது ஜீனாக்கம் எழுதுமுன் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன்: பரவலானது எது? ஓங்கு பண்பு எது? குறியீடு அதற்குப் பிறகுதான்.