தேகமே தந்திக்கம்பி

தீயணைப்பு வீரர் அணிந்து செல்லும் கனத்த அங்கி, வெளியே எரியும் நெருப்பின் வெம்மையை உள்ளே புகவிடாமல் தடுப்பதோடு நில்லாமல், உழைப்பினால் அவருடைய சரீரத்தில் உண்டாகும் உஷ்ணத்தையும் வெளியேற விடாமல் சிறைப்படுத்திவிடுகிறது. வியர்வை பெருகினாலும் அது ஆவியாவதற்கு வழியில்லை. உள்ளுடம்பின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது புத்தி தடுமாறத் தொடங்குமாதலால், தமக்கு ஆபத்து நேர்ந்திருப்பதை அவரே உணரமாட்டார். அவருடைய தேகநிலையை அவருக்கு முன்னதாக வெளியிலிருப்பவர் அறிந்தாகவேண்டும்.

விண்வெளி யாத்திரையிலும் இதே தேவை எழுந்தது. 1971-இல் அப்பல்லோ 15 யாத்திரையின்போது, விண்வெளி வீரர் ஜேம்ஸ் இர்வினுடைய இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியதை ஹூஸ்டனில் இருந்த வைத்தியர்கள் கண்டார்கள். மார்பில் ஒட்டிய மின்வாய்களிலிருந்து கம்பிகளின் வழியே ஓடி, பின்னர் ரேடியோ அலைகளாகப் பூமியை அடைந்த செய்தி அது. உடம்பில் பொட்டாசியம் குறைந்ததும் ஒரு காரணமாகலாம் என்று கருதி, அடுத்த யாத்திரையில் வீரர்களுக்குப் பொட்டாசியம் சேர்த்த ஆரஞ்சுச் சாற்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

கம்பிகளை விலக்கும் முயற்சியில் பிறந்தவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, 1980-களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆராய்ச்சிக்கூடமும் நாஸாவும் சேர்ந்து உருவாக்கிய, விழுங்கத்தக்க உஷ்ணமானி மாத்திரை. சிலிகோன் உறைக்குள்ளே ஒரு சிறு பாட்டரி, ஒரு கம்பிச்சுருள், ஒரு குவார்ட்ஸ் ஸ்படிகம். வெப்பம் மாறினால் ஸ்படிகத்தின் அதிர்வெண் மாறும். அந்த மாறுதலைச் சுருள் காந்தப்புலமாக வெளிவிட, உடம்போடு ஒட்டி அணிந்த சிறு பெட்டி அதைப் பெற்று வெப்பநிலையாகக் கணக்கிடும். 1998-இல், தமது 77-ஆம் வயதில், டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் சென்ற வீரர் ஜான் கிளென், உறக்கத்தைப் பற்றிய பரிசோதனைக்காக இத்தகைய மாத்திரையை விழுங்கினார்.

தோலின்மேல் ஒட்டிய கருவிகள் கம்பியின்றி ஒன்றோடொன்று பேசுவதற்கோ ஒரு தடை உண்டு. மனித தேகத்தில் பெரும்பகுதி உப்பு கரைந்த நீரே. புளூடூத் கருவிகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை அந்த நீர் உறிஞ்சிவிடுகிறபடியால், மார்பில் ஒட்டிய உணர்கருவி முதுகுப்புறத்துக் கருவிக்குச் செய்தி அனுப்புவதற்கே அல்லற்படுகிறது. அலையைத் தடுக்கும் அதே உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துமே. அப்படியானால் தேகத்தையே கம்பியாகக் கொண்டால் என்ன? எம்.ஐ.டி.யில் பயின்ற தாமஸ் ஸிம்மர்மன் 1995-இல் இதை ஆராய்ந்து காட்டினார். மறு ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் நடத்திக் காட்டிய சோதனையில், இருவர் கைகுலுக்கிய மாத்திரத்தில் ஒருவருடைய பெயர், விலாச விவரங்கள் மற்றவருடைய கருவிக்குச் சென்றுவிட்டன. தேகத்தின் வழியே ஓடிய மின்சாரமோ ஓர் ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்குதான். 2012-இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.6 என்னும் தரநிர்ணயத்தில் தேகவழித் தொடர்புக்கும் இடம் கிடைத்தது. தாழ்ந்த அதிர்வெண்ணில் இம்முறையில் எழும் மின்புலம் தோலைவிட்டு வெகுதூரம் பரவுவதில்லையாதலால், அயலார் ஒட்டுக்கேட்பதும் கடினம்.

ஆயினும், சுற்று முழுமையானாலன்றி மின்சாரம் ஓடாது. போகும் வழி தேகமானால், திரும்பும் வழி எது? ஸிம்மர்மன் முறையில் அது காற்றினூடும் தரையினூடும் அமைகிறபடியால், தரையில் நிற்பவருக்கு ஒரு விதமாகவும் ஏணிமேல் இருப்பவருக்கு வேறு விதமாகவும் சமிக்ஞையின் வலிமை மாறுகிறது. செலுத்தும் மின்வாய்கள் இரண்டையும் தோலின்மீதே பதித்து, மின்சாரத்தைத் திசுக்களினூடே திருப்பிவிடும் மற்றொரு முறைக்குத் தரையின் துணை வேண்டியதில்லை. ஆனால் அது எட்டும் தூரம் குறைவு. கடலில் மூழ்கிப் பணிசெய்பவருக்கோ இடைஞ்சல் இன்னும் பெரிது: கடல்நீர் நம் தசையைக் காட்டிலும் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், நீர் புகாத உடை அவரைக் கடலினின்று பிரித்து வைத்தாலன்றி, தேகத்தில் செலுத்தியது நீரில் கசிந்து போய்விடும்.

ஆகையால் தேகத்தைக் கம்பியாக்கும் இவ்வித்தை முதிர்வதற்கு இன்னும் காலம் வேண்டும் என்பதே என் கருத்து. கடும் வெப்பத்தில் உழைப்பவரைக் காப்பதற்கு இன்றைக்கே உதவக்கூடியது அந்தச் சிறு மாத்திரைதான். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது மலத்தோடு கழிந்துவிடும். குடலடைப்பு உடையவர் அதை விழுங்கலாகாது. விழுங்கியவர், அது வெளியேறும் வரையில் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்லலாகாது.