கப்பல் ஏறுமுன் நிரப்பும் படிவம்

இராயபுரத்தாரும் திருவொற்றியூராரும் கப்பல்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆயினும் உல்லாசப் பயணமாகக் கப்பலேறும் வாய்ப்பு அண்மையில்தான் பெருகியது. 2022 ஜூன் 4 அன்று ‘எம்பிரஸ்’ கப்பலின் பயணம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கியது. மறு ஆண்டு அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் சென்றது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோரும், பேரப்பிள்ளைகளுடன் ஒருமுறை போய்வரலாமா என எங்களிடம் கேட்கின்றனர்.

பெரும்பாலோர் போகலாம், நாளைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். கீமோ ஏற்றியபின் ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். பலரும் ஒரே கூடத்தில் உண்ணும் கப்பலில் வயிற்றுப்போக்கு விரைந்து பரவும். அந்நாட்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சலே அவசர நிலைதான். கப்பலின் மருத்துவ அறையில் சலைன் ஏற்றுவார்கள். இரத்த வங்கிக்குக் கரைக்குத்தான் வரவேண்டும்.

இனிக் காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளுக்கானது, நடுக்கடலில் உதவாது. பயணக் காப்பீடு தனியே எடுக்கவேண்டும். அதில் ‘முன்பே உள்ள நோய்’ என்னும் பகுதியை முதலில் படியுங்கள். பல பாலிசிகள் அத்தகைய நோயை விலக்கிவிடும். சில, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும் ஒரு வரம்புவரை தரும். நோயாளியைக் கப்பலிலிருந்து கரைசேர்க்கும் செலவு அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இங்குதான் எழுகிறது. அம்மாவிடம் ‘சாதாரணக் கட்டி’ என்று சொல்லிவைத்த பிள்ளைகள், படிவத்தில் ‘புற்றுநோய் உண்டா’ என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்றெழுதி, அவரிடமே கையொப்பம் வாங்கிவிடுகின்றனர். அன்பினால் செய்வதுதான். ஆனால் உண்மையை மறைத்ததைக் காட்டி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அதைவிடப் பெரிய இடர், கப்பல் மருத்துவருக்கும் நோய் தெரியாமற்போவது. காய்ச்சல் என்று வந்தவருக்கு ஒரு பாராசிட்டமால் கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுவார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது எனத் தயங்குவோர் அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள், உடனிருந்து சொல்கிறோம்.

மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். மார்பின் உட்கொள்வோர் மருத்துவரின் கடிதத்துடன் செல்லவேண்டும்; இலங்கைக்குச் செல்வதாயின் அந்நாட்டு விதிகளைச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் முன்னரே கேட்டறியுங்கள். புறப்படுவதற்கு இரு வாரம் முன்பு புறநோயாளர் பிரிவில் தெரிவித்தால், சிகிச்சைச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருவோம்.